மரத்துக்கு ஒரு வார்த்தை

கார்த்திகை பிறந்த நாலாம் நாள், சிரஞ்சீவியின் மாந்தோப்பில் மரத்துக்கு மரம் எக்ஸ்ரே கட்டினார்கள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், வரட்டும். கட்டியவர்களுக்கே அன்றைக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஆந்திரப் பக்கத்துக் குடிபாலாவைத் தாண்டி, வேலூர் எல்லைக்குச் சற்று முன்னால், ரோட்டை ஒட்டியிருக்கிறது தோப்பு. இரண்டு ஏக்கர். ஊரார் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டிக்கொண்டிருந்த கருப்பனுக்கு அரசாங்கம் பட்டா போட்டுக் கொடுத்த இடம். கொடுத்தவர்கள் பாறையும் சேர்த்தே கொடுத்தார்கள். கருப்பன் அலுத்துக்கொள்ளாமல் வரிசைக்குப் பத்தாக ஆறு வரிசை குழி வெட்டி, அறுபது தோத்தாபுரிக் கன்று நட்டு, இரண்டு கோடை முழுக்கக் குடத்தில் தண்ணீர் சுமந்தார். அந்த மரங்களின் கிளிமூக்குக் காய்களைத்தான் இன்றைக்கு அவர் மகன் சிரஞ்சீவி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஜூஸ் ஃபாக்டரி வாசலில் மூன்று நாள் வரிசையில் நிற்கிறான். இரண்டு வருஷமாக விலை விழுந்து கிடக்கிறது. போன ஆனியில் மூன்றாம் நாள் காய் வண்டியிலேயே அழுகத் தொடங்கியபோது அவன் ஒரு முடிவுக்கு வந்தான். பாறையை ஒட்டிய மூன்றாவது வரிசை காய்ப்பதே குறைவு. அந்தப் பத்து மரத்தையும் வெட்டி விறகுக்குக் கொடுத்துவிடுவது. மரம் அறுக்கும் மிஷின் வைத்திருக்கும் சாய்குமாரிடம் சொல்லியும் வைத்துவிட்டான்.

அதைத் தள்ளிப்போட வைத்தவள் அவன் மனைவி பிரேமலதா. அவள் சித்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஆறரை பஸ்ஸுக்குப் போனால் சாயங்காலம் ஐந்தரைக்கு வருவாள். இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்கு ஒரு இங்கிலீஷ் பரீட்சை எழுத வேண்டும். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அரை மார்க்கில் போய்விட்டது. மூன்றாவதுதான் கடைசி, அதிலும் இல்லையென்றால் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று அவளே வீட்டில் சொல்லிவிட்டாள்.

இரண்டாம் தடவை தோற்றபோது சிரஞ்சீவி அவள் முதுகைத் தடவிக் கொடுத்து, "போனா போவுது வுடு பிரேமா" என்றான். உள்ளுக்குள்ளே ஒரு மூட்டையை இறக்கி வைத்த நிம்மதி. அந்த நிம்மதி தெரிந்த நிமிஷமே அவனுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது? கல்யாணமாகி மூன்றே வருஷம். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் திருப்பதிக்குப் போய் நீரஜா மேடம் நடத்தும் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வருவாள். முதல் தடவை தோற்றபோது, "உனக்கு நல்லது, கெட்டது, பெரிசு, சின்னது தவிர வார்த்தையே இல்லை" என்றார் மேடம். உடனே இவள் ஒரே பொருள் தரும் வார்த்தைகளைப் பத்துப் பத்தாக மூட்டை கட்டி மனப்பாடம் செய்தாள். இரண்டாம் தடவை தோற்றபோது மேடம் அவளுடைய பயிற்சித் தாளை எடுத்து முன்னால் போட்டார்.

அதை அவள் ஒரு நாள், புருஷன் மரத்தடியில் பாத்தி கட்டிக்கொண்டிருந்தபோது வரப்பில் உட்கார்ந்து சொன்னாள்.

"வூட்டு ஓனருக்குப் புகார் லெட்டர் மாமா. கொழா ஒழுவுது, வந்து சரி பண்ணுங்கன்னு எழுதணும். நான் இன்னா எழுதி வச்சிக்கீறேன் தெரியுமா? கொழா ஒழுவறதுல நான் நெலகொலஞ்சி போயிட்டேன்னு."

"கொழாய்க்கா?"

"ஆமா. டெவஸ்டேட்டட்னு போட்டுட்டேன். எழவு வுழுந்த வூட்ல சொல்ற வார்த்தயாம் அது. புஸ்தகத்துல துக்கம்னு தலைப்புப் போட்டு பத்து வார்த்த கீது. பத்துக்கும் ஒரே அர்த்தம். எத்த எங்க போடறதுன்னு எனுக்கு எப்பிடித் தெரியும்?"

சிரஞ்சீவி மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தான். "ஒரே அர்த்தம்னா? இந்தத் தோப்புலகூட அறுவதும் ஒரே ஜாதிதான். ஒன்னு போல ஒன்னு கீதா? தோ, அந்த எட்டாவது மரம் இடி வுழுந்து பட்டுப்போனது. அஞ்சாவது மரம் நல்லாத்தான் கீது, ஆனா அந்தப் பக்கம் பாறைன்னு கிளையெல்லாம் ரோட்டுப் பக்கமே நீட்டிக்கினு நிக்குது. ரெண்டும் மூணாவது வரிசைதான். ரெண்டும் ஒன்னா?"

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். பிரேமலதா புடவை மண்ணைக்கூடத் தட்டாமல் எழுந்து நின்றுவிட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் வாங்கிப் போகாத பழைய எக்ஸ்ரே ஃபிலிம்கள் வந்தன. மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும். பட்டை பட்டையாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வார்த்தையை வெள்ளை மார்க்கரால் எழுதினாள். கட்டுவதற்குத் தேதி முடிந்த டிரிப் குழாய். முதல் வரிசைக்குப் பெரியது, இரண்டாவதுக்குக் குறைவு, மூன்றாவதுக்குத் துக்கம், இப்படி வரிசைக்கு ஒரு பொருள். மூன்றாவது வரிசையில் எட்டாவது மரத்துக்கு டெவஸ்டேட்டட் போனது. ஐந்தாவது மரத்தின் முன்னால் அவள் கையிலிருந்த பட்டைகளை மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"விஸ்ட்ஃபுல்னு ஒன்னு கீது மாமா. அழுவற துக்கமில்ல. தூரத்துல கீறத நெனச்சிக்கினு சும்மா நிக்கிறது. இருந்தா நல்லாருக்குமேன்னு."

"அது இதுதான். நைனா எப்பவும் சொல்லும், இந்த மரம் ரோட்டப் பாத்துக்கினே நிக்குதுன்னு."

கருப்பன் களியும் வேர்க்கடலைத் துவையலுமாகத் தட்டோடு வந்து வரப்பில் நின்று பார்த்தார். "வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு இது போறதுக்குள்ள ஆஸ்பத்திரியே தோப்புக்கு வந்துட்சி" என்றார்.

"மூணாவது வரிசைய வெட்ட வேணாம் மாமா" என்றாள் பிரேமலதா. "பரீட்ச முடியற வரைக்கும்." சிரஞ்சீவி சாய்குமாருக்குப் போன் போட்டு மாசி வரைக்கும் பொறுக்கச் சொன்னான்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு புது பாஷை பிறந்தது. சிரஞ்சீவி ஏழாவது வரை தெலுங்குப் பள்ளிக்கூடம். இங்கிலீஷ் எழுத்து தெரியும், கூட்டி வாசிக்க வராது. ஆனால் எந்த மரத்துக்கு எது, ஏன் என்பது தெரியும். கட்டும்போது கூடவே நின்றவன் அல்லவா. தோசை திருப்பிக்கொண்டிருப்பவளைப் பார்த்து, "நாலாவது வரிசை, ஒம்போதாவது மரம்" என்பான். அவள் வார்த்தையையும், அதன் அர்த்தத்தையும், அது அந்த மரத்துக்கு ஏன் போனது என்பதையும் சொல்ல வேண்டும். டியூட்டி நேரத்தில் சாப்பாட்டு இடைவேளைக்குப் போன் வரும். "ஒன்னு, ஆறு" என்பான். பக்கத்து நர்ஸ்கள் என்னவோ சீட்டு விளையாட்டு என்று நினைத்தார்கள். வார்த்தைகள் அவளுக்கு ஏற ஏற, அவன் குரல் மட்டும் ஒரு இழை இறங்கியது. ஒவ்வொரு சரியான பதிலும் அவளை ஒரு படி அந்தப் பக்கம் ஏற்றுகிறது என்பது கேட்பவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

கார்த்திகைக் கடைசியில் புயல் வந்தது. நெல்லூர்ப் பக்கம் கரையேறியதற்கு இங்கே இரண்டு நாள் பேய்க்காற்று. மூன்றாம் நாள் காலையில், பிரேமலதா வேலைக்குப் போனபின், சிரஞ்சீவி தோப்புக்குப் போனான். கிளை முறிந்தது நாலைந்துதான். ஆனால் டிரிப் குழாய் முடிச்சுகள் அவிழ்ந்து எக்ஸ்ரே பட்டைகளில் பாதி, சேற்றில் கிடந்தன.

ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கழுவினான். இருபத்தெட்டு. அவற்றைக் கையில் விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. பரீட்சைக்கு இரண்டரை மாசம் இருக்கிறது. இவற்றை மாற்றிக் கட்டினால் போதும். எனக்கு எழுத்து வாசிக்க வராது, ஏதோ கட்டினேன் என்றால் யார் குறை சொல்வார்கள்? அவளேகூட, பாவம் எவ்வளவு சிரமப்பட்டுக் கட்டியிருக்கிறார் என்றுதான் சொல்வாள். மனத்தில் பதிந்த பாதி கலங்கும். அவளுக்கு வேண்டியது அரை மார்க். கெடுப்பதற்கும் அரை மார்க் போதும்.

இந்த இடத்தில் அவனை நல்லவன் என்று சொல்லிவிட்டுப் போய்விட எனக்கும் ஆசைதான். அவன் வெகுநேரம் நின்றான். இரண்டாவது வரிசை ஒன்றைக் கொண்டுபோய் மூன்றாவது வரிசை மரத்தில் கட்டக்கூடச் செய்தான். கட்டி முடித்து நிமிர்ந்தபோது வெயில் அந்தப் பட்டைக்குப் பின்னால் வந்தது. எழுத்துக்குக் கீழே யாருடைய விலா எலும்போ வெள்ளையாகத் தெரிந்தது. முடிச்சை அவிழ்த்தான்.

பிறகு எலும்பைப் பார்த்தே அடையாளம் கண்டான். அவனுக்கு எழுத்து வராதே தவிர எலும்பு வரும். மணிக்கட்டு முதல் வரிசை மூன்று. முறிந்த கால் மூன்றாவது வரிசை எட்டு, கட்டும்போதே, "முறிஞ்சதுக்கு முறிஞ்சது" என்று அவள் சொல்லிச் சிரித்தாள். சாய்ந்த கழுத்தெலும்பு ரோட்டைப் பார்க்கும் ஐந்தாவது மரம். இருபத்தெட்டையும் அதது இடத்தில் கட்டி முடிக்க மத்தியானம் இரண்டு மணி ஆயிற்று. பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. சாயங்காலம் பிரேமலதா வரிசை வரிசையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அவன் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கையை இழுத்துக்கொண்டான். அந்த நன்றியை வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

அவன் பட்டினி கிடந்து எக்ஸ்ரே கட்டியதை ரோட்டில் போன இரண்டு பேர் பார்த்தார்கள். ஒருவர் பக்கத்துத் தோப்பு வேதாச்சலம், இன்னொருத்தி அவருக்கு அடுத்த தோப்பு வெங்கடலட்சுமி. இங்கே ஒரு விவரம் சொல்ல வேண்டும். பெங்களூரிலிருந்து சென்னைக்குப் போகும் பெரிய ரோட்டுக்காக அந்த மண்டலத்தில் பல பேருடைய நிலத்தை எடுத்தார்கள். மரத்துக்கு மரம் நம்பர் போட்டு எண்ணி, காய்க்கிற மாமரத்துக்குத் தனியாக நஷ்டபரிகாரம் கொடுத்தார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் மரத்தை வெட்டியவர்கள் இன்றும் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அதனால் மரத்தில் எதையாவது கட்டினால் ஊருக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

"ஏமிரா சிரஞ்சீவி, நிஜம் செப்பு" என்று வேதாச்சலம் வந்து நின்றார். "இன்னொரு ரோடு வருதா?"

"அது என் சம்சாரம் படிக்கிற பாடம்ண்ணா. இங்கிலீஷு."

"மரத்துக்கு எதுக்குடா இங்கிலீஷு? எனுக்குத் தெரியும். நம்பர் போட்டா ஜனங்க மாத்தி எழுதிடுதுன்னு இந்தத் தடவ இங்கிலீஷ்ல கோடு வேர்டு போடறாங்கோ. எம்மார்ஓ ஆபீஸ்ல ஒனக்குத் தாசில்தாரு ஆளு யாரோ சொல்லிட்டாங்க. சொந்தக்காரன்கிட்டயே மறைக்கிறியே."

உண்மையைச் சொன்னால் நம்புகிற ஊர் எங்கே இருக்கிறது? வேதாச்சலம் பட்டைகளைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். பிறந்தநாள் வாழ்த்து, திருவிழா, கட்சி என்று ஊரில் கிழிந்து கிடந்த ஃபிளெக்ஸ் பேனர்களையெல்லாம் துண்டு போட்டு, வெள்ளைப் பக்கத்தில் எழுத்துக்கு எழுத்து பார்த்து வரைந்து, தன் எண்பது மரத்திலும் கட்டினார். அவர் கட்டியதைப் பார்த்து வெங்கடலட்சுமி கட்டினாள். தை பிறப்பதற்குள் ரோட்டின் இரண்டு பக்கமும், கண்ணுக்கு எட்டிய தூரம், மாமரங்கள் இங்கிலீஷ் பேசின.

பிரேமலதா முதலில் வெட்கத்தால் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. அப்புறம் ஒரு நாள் எட்டிப் பார்த்தவள், அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்து வந்துவிட்டாள்.

"வேதாச்சலண்ணா, இந்த மரத்துல இன்னா கட்டிக்கீறீங்க தெரியுமா?"

"கோடு வேர்டும்மா."

"ஸ்கேன்டின்னு போட்டுக்கீது. போதும் போதாம, கம்மின்னு அர்த்தம்."

வேதாச்சலத்துக்கு முகம் மாறிவிட்டது. "கம்மியா? போன வருசம் முந்நூறு கிலோ காய்ச்ச மரம் இது. ஆபீசரு வந்து கம்மின்னு எழுதிக்கினு போயிட்டா? கழட்டு, கழட்டு. அந்த வெங்கடலட்சுமி மரத்துல கட்டு, அதுக்குத்தான் பொருந்தும்."

வெங்கடலட்சுமி வேலிக்கு அந்தப் பக்கம் களை எடுத்துக்கொண்டிருந்தாள். களைக்கொத்தை வீசிவிட்டு வந்தாள். "யாரு மரம் கம்மி? என் மரம் காய்க்கிறது கம்மியில்ல. எடம் வுட்டு எடம் வுட்டுக் காய்க்குது. இங்க ஒன்னு, அங்க ஒன்னு. எண்ணிப் பாரு, ஒன்னும் கொறையாது."

பிரேமலதா அவளையே பார்த்தாள். "எக்கா, இன்னொரு தபா சொல்லு."

"இன்னாத்த? எடம் வுட்டு எடம் வுட்டுன்னேன்."

"அது ஸ்பார்ஸ்க்கா! கம்மிக்கும் அதுக்கும் நான் ஒரு வருசமா வித்தியாசம் தெரியாம கீறேன்."

"அப்ப அத்தையே எழுதிக் கட்டு. கம்மின்னு எழுதின, பாரு."

"துன்னப் பத்தாத அளவுக்குக் கொஞ்சூண்டுதான் காய்க்கும், பாத்தா பரிதாபமா கீதுன்னா அது எந்த மரம்?"

இரண்டு பேரும் ஒரே குரலில், "பூவராகவன் மரம்" என்றார்கள். அதற்கான மீகர் என்ற வார்த்தை பூவராகவன் தோப்புக்குப் போனது. அவர் அதற்கு நாலு நாள் சண்டை போட்டார்.

அப்புறம் அது தினசரி வேலையாகிவிட்டது. ஐந்தரை பஸ் வந்ததும் அவளுக்காக ரோட்டோரம் இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். என் மரத்துக்கு என்ன போட்டிருக்கிறது, இது நல்ல வார்த்தையா, ஆபீசர் பார்த்தால் மதிப்பாரா? அவள் அர்த்தம் சொல்வாள். அவர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். தன் மரம் எப்படிப்பட்டது என்பதை அவரவர் அரைமணி நேரம் விளக்குவார்கள். பெரிசு என்றால் உயரமா, பருமனா, நிழலா, பார்த்தால் பயம் வருகிற பெரிசா? கிழம் என்றால் வயசா, தளர்ச்சியா, மரியாதையா? புத்தகத்தில் ஒரே மூட்டையாக இருந்தது இவர்கள் வாய்ச்சண்டையில் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தது. சிரஞ்சீவி வரப்பில் நின்று பார்ப்பான். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கல்யாணத்தன்றுகூட அவன் பார்த்ததில்லை. அன்றைக்கு மாற்றிக் கட்டியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா என்று நினைத்துக்கொண்டான்.

மாசியில், பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கும் சமயத்தில், திருப்பதியில் ஒரு ஓட்டல் ஹாலில் பரீட்சை நடந்தது. கடைசியில் ஒரு வெள்ளைக்காரி எதிரே உட்கார்ந்து பேச்சுப் பரீட்சை. உங்கள் ஊரில் நடந்த வேடிக்கையான சம்பவம் ஒன்றைச் சொல் என்று சீட்டில் வந்ததாம். "நான் வேதாச்சலண்ணன் மரத்தச் சொன்னேன் மாமா" என்றாள் திரும்பி வரும் பஸ்ஸில். "நேரம் முடிஞ்சி மணி அடிச்சிட்சி. அந்தம்மா, அப்புறம் ரோடு வந்துச்சான்னு கேக்கறாங்கோ."

ரோடு வரவில்லை. பங்குனியில் ஊரும் அதை ஒத்துக்கொண்டது. வேதாச்சலம் மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று ஃபிளெக்ஸைக் கழற்றவில்லை.

ரிசல்ட் வந்த அன்று சிரஞ்சீவி பிஞ்சுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தான். போனில் அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "வந்துட்சி மாமா. அரை மார்க் மேலயே வந்துட்சி."

"நான் அப்பவே சொன்னேனே" என்றான். அப்படி எதையும் அவன் எப்போதும் சொன்னதில்லை. போனை வைத்துவிட்டு மருந்து டேங்கை இறக்கி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சந்தோஷம் நிஜமாகவே இருந்தது. அதோடு கூடவே இன்னொன்றும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

ஆனி மாசம், காய் இறக்கும் நாளில்தான் அவளுக்கு டிக்கெட் அமைந்தது. சித்தூரிலிருந்து ஆறு நர்ஸ்களை ஒரே வேனில் சென்னை விமான நிலையத்துக்கு அழைத்துப் போகிறார்கள். வேனில் வேறு ஆளுக்கு இடமில்லை. வண்டியில் பாதி லோடு ஏற்றியபடி இருக்க, தோப்பை ஒட்டிய ரோட்டோரத்திலேயே ஏறிக்கொள்வதாக ஏற்பாடு. கருப்பன் ஒரு பையில் பழுத்ததாகப் பார்த்து நாலு வைத்துக் கொடுத்தார். "நைனா, ஏர்போர்ட்ல வுடமாட்டாங்கோ" என்றாள். "அப்ப அது வரைக்கும் துன்னு" என்றார் கிழவர்.

வேன் வந்து நின்றது. பெட்டியை மேலே ஏற்றினார்கள். வேதாச்சலமும் வெங்கடலட்சுமியும் தள்ளி நின்றார்கள். எல்லோர் முன்னாலும் எதைப் பேசுவது? பிரேமலதா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எப்பிடி கீற மாமா?"

சிரஞ்சீவி துண்டை உதறித் தோளில் போட்டான். "மூணாவது வரிசை."

அவள் கண் நிறைந்துவிட்டது. "எத்தினாவது மரம்?"

எட்டு என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. இத்தனை மாசமாக அவனுக்குள் இருந்த பயமெல்லாம் எட்டாவது மரம்தான். ஆனால் இப்போது, கேட்டபின், நின்று பார்த்தான். எட்டாவது மரம் பட்டுப்போன மரம். அதற்கு இனி எதுவும் வராது, அது எதையும் எதிர்பார்க்கவும் இல்லை. தனக்கு அப்படியா? வலிக்கிறது, நிஜம். ஆனால் இவள் போய்ச் சேர்ந்ததும் போன் வரும். வருஷம் திரும்பினால் இவளும் வருவாள். பெரிய வார்த்தையைச் சொல்லி இவளை அனுப்பினால் அது பொய், குழாய் ஒழுகுவதற்கு எழவு கொண்டாடின கதைதான்.

"அஞ்சாவது" என்றான்.

பிரேமலதா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். "நானும் அதே மரந்தான் மாமா" என்றாள். வேன் கிளம்பியது. ஐந்தாவது மரத்தின் கிளைகள் நீண்டிருந்த பக்கமாகவே போய், திருப்பத்தில் மறைந்தது.

வண்டியில் மீதி லோடு இருந்தது. சிரஞ்சீவி இரண்டு கூடை ஏற்றினான். மூன்றாவதை இறக்கி வைத்துவிட்டுப் போனை எடுத்தான். மாசி போய், பங்குனி போய், இன்னும் காத்திருக்கும் சாய்குமார், "இன்னாண்ணா, மிஷின எடுத்துக்கினு வரட்டா? பத்து மரமாச்சே?" என்றான்.

"பத்து வேணாம்பா" என்றான் சிரஞ்சீவி. "எட்டாவது மரம் ஒன்னுதான். அத்த மட்டும் வந்து எடுத்துக்கினு போ."